பாரி வளைவு

டிசம்பர் 27
வலது முட்டியில் வலி. படி இறங்கும்போது மட்டும்.

டிசம்பர் 28
இந்தத் தடவை ஏலகிரி மலையைச் சைக்கிளில் ஏறியே தீருவதென்று, ஈசிஆரில் கோவளம் வரை மிதித்துப் போய் வந்தேன். போகும்போது காற்றே தள்ளிவிட்டது, என்னமோ என் கால் பலம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது வாடை நேர் முகத்தில். ஈஞ்சம்பாக்கத்தில் முட்டிக்குள் ‘டக்’.

டிசம்பர் 30
ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, டாக்டரிடம் இரண்டு நிமிடம். “சைக்கிளை நிறுத்துங்க, வயசு 46 ஆகுது.” எந்த கியரில் மிதிக்கிறேன், சீட் எவ்வளவு உயரம், எதுவும் கேட்கவில்லை. மாத்திரைச் சீட்டு மட்டும். வீட்டுக்கு வந்தால் இவள் ஒரு படி மேலே: “ஏலகிரிக்கு பஸ்ஸே போகுதேங்க.”

எனக்கும் தெரியும். போன தடவை மலைமேல் ஏரியைப் பார்த்ததே தக்காளி வேனின் ஜன்னல் வழியாகத்தான். சைக்கிள் பின்னால் கூடைகளுக்கு மேல் கிடந்தது. 14 கொண்டை ஊசி வளைவு, எல்லாவற்றுக்கும் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும். கம்பரையும் கபிலரையும் தாண்டிவிட்டு, பாரி வளைவில் காலை ஊன்றினேன். முல்லைக்குத் தேரையே விட்டுவிட்டுப் போனவன் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று, சைக்கிளை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிசம்பர் 31
கடை அண்ணன் ஒரே கேள்வி கேட்டார்: “முட்டிக்கு முன்னாடியா, பின்னாடியா?” முன்னாடி. “அப்ப சீட் தாழ்வு.” 6 மில்லிமீட்டர் ஏற்றினார். பின் பல்சக்கரத்தில் பெரியது 28 பல். அதை 34 ஆக்கச் சொன்னார். ஏற்றத்தில் கனமான கியரை மெதுவாக அழுத்தினால் ஒவ்வொரு மிதியும் முட்டியில்தான் விழும், லேசான கியரில் கால் சும்மா சுற்ற வேண்டும் என்றார். அதற்கு டீரெய்லரும் (செயினைப் பல் மாற்றிவிடும் கை) நீளமானதாக வேண்டும், செயினும் புதுசு. பில்லை இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 3
அம்மா பிண்ட தைலம் தேய்த்துவிட்டாள். போர்வை முழுக்க வாசனை.

ஜனவரி 4
சென்னையில் மலைக்கு எங்கே போவது? கத்திப்பாரா பாலம் நூறு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பரங்கிமலைதான். மொத்தமே 300 அடி. ஏலகிரிக்குப் பழக்கமாக பத்துத் தடவை ஏறுவது என்று கணக்கு. ஏழாவது தடவை, மாதா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், “என்னப்பா, ஏதாவது வேண்டுதலா?” என்றார். ஆமாம் என்றேன்.
எட்டோடு நிறுத்திவிட்டேன். வலி இல்லை, பயம்.

ஜனவரி 6
டக்.

ஜனவரி 7
அது முட்டி இல்லை! பெடல் லூசு. கிரீஸ் போட்டு முறுக்கியதும் சத்தம் போச்சு. பத்து நாளாக முட்டியைத் திட்டியிருக்கிறேன்.

ஜனவரி 8
படி இறங்கும்போது இன்னும் இருக்கிறது. சரி.

ஜனவரி 10, இரவு
ஏலகிரி எக்ஸ்பிரஸ். ஜோலார்பேட்டையில் லாட்ஜ். சைக்கிளை ரூமுக்குள் விடமாட்டேன் என்றார்கள், பேசிச் சரிக்கட்டினேன். கட்டில் பக்கத்தில்தான் சாய்ந்திருக்கிறது. தூக்கம் வரவில்லை.

ஜனவரி 11, காலை 5.50
பொன்னேரி. நம்ம மீஞ்சூர் பக்கத்துப் பொன்னேரி இல்லை, மலையடிவாரப் பொன்னேரி. டீ ஆச்சு. பனியில் மலையே தெரியவில்லை. ஒரு வண்டி மேலே ஏறுகிறது, விளக்கு மட்டும் தெரிந்து தெரிந்து மறைகிறது. ஐந்து வளைவு வரை எண்ணினேன், அதற்கு மேல் காணோம்.
ஷூவுக்கடியில் மண். தட்டிவிட்டு