வலி போன மத்தியானம்

22.2.2024, வியாழன் இரவு

ஆபீசில் கணக்கு முடித்துப் புதுப்பாளையம் வந்து சேர எட்டு மணி. பார்த்தால் அவர் எனக்கு முன்னால் வந்து சுருண்டு படுத்திருக்கிறார். செம்மண்டலத்தில் பட்டறை வைத்த நாளிலிருந்து ஒன்பதுக்கு முன் ஷட்டர் இறக்கியதில்லை. வயிற்று வலியாம். எங்கே என்று கேட்டால் தொப்புளைச் சுற்றிக் கையால் வட்டம் போடுகிறார். இன்ன இடம் என்று சொல்லத் தெரியவில்லை.

நெத்திலி வறுவலை வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இது முதல் தடவை. பழி முழுக்க மத்தியானம் தின்ற பரோட்டா மேல். அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பையன் பங்குக்கு அப்பா வயிற்றில் விபூதி பூசினான்.

23.2.2024, வெள்ளி

விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, இரண்டு வாந்தி. பக்கத்து கிளினிக்குக்கு நானே வண்டியில் வைத்துக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல். "மெதுவா போடி, உள்ள குலுங்குது" என்றார். நான் இருபதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

டாக்டர் சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கேஸ் என்றார். ஊசி ஒன்று, மாத்திரை மூன்று நாளைக்கு.

சாயங்காலம் வலி இடம் மாறிவிட்டது. வலது பக்கம், அடிவயிறு. இப்போது வட்டம் போடவில்லை, ஒரே ஒரு விரலை வைத்துக் காட்டுகிறார். எழுந்து நின்றால் நிமிர முடியவில்லை. கைலியை இறக்கிக் கட்டிக்கொண்டு வலது காலை மடக்கியே படுத்திருக்கிறார். காய்ச்சல் நூறு. "கட்டியிருக்குது, வெளிய போனா சரியாப் போயிடும்" என்று அத்தை விளக்கெண்ணெய் கொடுத்தார். நான் வெந்நீர்ப் பை நிரப்பி ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு தடவை நிரப்பினேன்.

24.2.2024, சனி, மத்தியானம் இரண்டரை

ராத்திரி முழுக்கத் துடித்தார். காலையில் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொல்ல, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் சொல்ல, அதில் ஒரு சண்டை. இன்று மாசி மகம். தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்குப் போகிற சாமிகளின் மேளம் விடியற்காலையிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு மணி வாக்கில் வலி போய்விட்டது! சட்டென்று, ஸ்விட்சை அணைத்த மாதிரி. எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தார். பையனோடு பேசினார். அத்தை கற்பூரம் ஏற்றி, "சாமி கடல்ல முங்கிச்சு, எம் புள்ள வலியும் முங்கிப் போச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இப்போது தூங்குகிறார். நானும் கொஞ்சம் படுக்கப் போகிறேன்.

25.2.2024, ஞாயிறு, ஆஸ்பத்திரி வராந்தா

மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

ஆறு மணிக்குக் குளிர் என்று போர்வை கேட்டார். தொட்டால் கொதிக்கிறது, நூற்று மூன்று. உதடு காய்ந்து மூச்சு வாங்குகிறது. வயிற்றைத் தொட்டேன். வயிறு மாதிரியே இல்லை, பலகை. இப்போது வலது பக்கம் மட்டுமில்லை, வயிறு முழுக்க வலி. அசையக்கூட மாட்டேன் என்கிறார். 108-ஐக் கூப்பிட்டேன். பீச்சிலிருந்து திரும்புகிற கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வந்தது. கையில் பலூனும் கரும்புமாக ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வார்டில் ஒரு பெண் டாக்டர், வயது முப்பதுகூட இருக்காது. முதலில் வலி எங்கே ஆரம்பித்தது, வாந்தி வலிக்கு முன்னாலா பின்னாலா, கடைசியாகப் பசித்தது எப்போது என்று வரிசையாகக் கேட்டார். வலிக்குப் பின்னால் என்றதும் தலையாட்டினார். அவரை இருமச் சொன்னார். அரை இருமலிலேயே முகம் கோணிவிட்டது. இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே மெதுவாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அழுத்தும்போது கத்தியதைவிட எடுக்கும்போதுதான் அதிகம் கத்தினார்.

நான் சந்தோஷமாக, "மத்தியானம் வலியே இல்லாம இருந்தாரு மேடம்" என்றேன்.

"எத்தனை மணிக்கும்மா?"

"ஒரு மணி இருக்கும்."

கேஸ் ஷீட்டில் '1 மணி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். எதற்கு இரண்டு கோடு என்று அப்போது கேட்கத் தைரியம் வரவில்லை.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எகிறியிருந்தன. ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர். நள்ளிரவில் கையெழுத்து வாங்கினார்கள். தியேட்டர் கதவு மூடியபோது பன்னிரண்டே முக்கால். அத்தை வராந்தாத் தரையில் உட்கார்ந்து கந்தசஷ்டிக் கவசம் சொன்னார். நான் வெந்நீர்ப் பையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு சர்ஜன் வெளியே வந்து, வெட்டி எடுத்த குடல்வாலை, அதாவது அப்பெண்டிக்ஸை, ஒரு டிரேயில் வைத்துக் காட்டினார். என் சுண்டுவிரல் நீளம். கறுத்து ஊதிய மண்புழு மாதிரி, நுனிக்குச் சற்று முன்னால் ஓர் ஓட்டை. பக்கத்தில் கொத்தமல்லி விதை அளவில் ஒரு கல். மலம் இறுகி ஆன கல்லாம். குடல்வாலின் வாயை அது அடைத்துக்கொண்டால் உள்ளே ஊறுகிற நீர் வெளியேற வழியில்லை, ஊதும். ஊதினால் ரத்த ஓட்டம் நிற்கும். கிருமி பெருகி, அழுகி, ஒரு கட்டத்தில் வெடிக்கும். வெடித்த உடனே உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து வலி குறைகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம்தான். அதற்குள் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவியதாகச் சொன்னார்.

நாங்கள் கற்பூரம் ஏற்றிய நேரத்தில் உள்ளே நடந்தது அதுதான்.

26.2.2024, திங்கள்

மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கவாட்டில் சீழ் வடிய ஒரு குழாய், சிறுநீருக்கு ஒன்று. தொப்புளுக்கு மேலிருந்து கீழ் வரை தையல். வாயில் பச்சைத் தண்ணீர் கிடையாது. ஆன்டிபயாடிக் நேரா நேரத்துக்கு நரம்பில் ஏறுகிறது.

விளக்கெண்ணெய் விஷயத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்தும் எனிமாவும் கூடாது, குடல் முறுக்கி வேலை செய்தால் வீங்கியது சீக்கிரம் கிழியலாம், ஒத்தடமும் வேண்டாம் என்றார். "ஆனா உங்களால மட்டும் வெடிச்சதுன்னு நினைக்காதீங்க, ரெண்டு நாள் ஆயிடுச்சும்மா" என்றும் சொன்னார். முதல் பாதிதான் மனசில் நிற்கிறது.

பக்கத்தில் பெண்கள் வார்டில் குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருத்தி, காலேஜ் படிக்கிறாள். அதே நோய்தான், ஆனால் வலி வந்த அன்றே வந்துவிட்டாள். மூன்று சின்ன ஓட்டை போட்டு கேமரா வைத்து எடுத்துவிட்டார்கள், நாளை வீட்டுக்குப் போகிறாளாம். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஐந்தாம் நாள்தான் வந்திருக்கிறார். அவருக்கு வெடிக்கவில்லை, குடலும் கொழுப்பும் அதைச் சுற்றிப் பொதிந்து கட்டியாகிவிட்டது. அதில் கத்தி வைத்தால் குடலே கிழியும் என்று மருந்து ஏற்றிக் கவனிக்கிறார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு.

27.2.2024, செவ்வாய்

ராத்திரி தூக்கம் வராமல் போனில் படித்தேன். 1902-ல் இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டுக்கு ஜூன் 26-ல் முடிசூட்டு விழா. இரண்டு நாள் முன்னால் இதே குடல்வால் சீழ் பிடித்து, அரண்மனையிலேயே ஆபரேஷன். விழா தள்ளிப்போய் ஆகஸ்ட் 9-ல்தான் கிரீடம். காலையில் இவரிடம் சொன்னேன். "ராஜாவுக்கும் அவங்கம்மா விளக்கெண்ணெய் குடுத்தாங்களா?" என்று குழாயோடு சிரிக்கப் போய்த் தையல் இழுத்து அழுதார்.

ஆபரேஷனே இல்லாமல் மருந்தில் சரியாகாதா என்று டாக்டரிடம் கேட்டேன். வெடிக்காமல் ஆரம்பத்திலேயே வந்தால் சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்ப்பதுண்டாம். அப்படிப் பார்த்தவர்களில் பத்தில் மூன்று பேருக்கு மூன்று மாதத்துக்குள் கத்தி வைக்க வேண்டி வந்ததாம், கல் இருந்தால் இன்னும் கூடுதல். "இவருக்கு அந்தப் பேச்சே கிடையாது" என்றார்.

28.2.2024, புதன்

ரவுண்ட்ஸ் வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "காத்து பிரிஞ்சுதா?" கழுவிவிட்ட குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். காலை ஐந்தே காலுக்குப் பிரிந்தது. அத்தை வார்டுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். கூச்சத்தில் அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மத்தியானம் மூக்குக் குழாயை எடுத்தார்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீர், பிறகு இளநீர்.

2.3.2024, சனி

தையலின் கீழ்ப் பக்கம் சிவந்து கசிகிறது. இந்த மாதிரி கேஸில் இது எதிர்பார்த்ததுதானாம். இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றிக் கட்டுப் போட்டார்கள். தினமும் டிரஸ்ஸிங். நான் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கை மட்டும் என் கைக்குள் இருந்தது, கிரீஸ் போகாத நகங்களோடு.

6.3.2024, புதன்

டிஸ்சார்ஜ். காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பினாலோ, மறுபடி வலித்தாலோ உடனே வர வேண்டும். உள்ளே எங்காவது சீழ் தங்கியிருக்கலாமாம். மூன்று மாதம் கனம் தூக்கக்கூடாது. புல்லட் இன்ஜினை ஒற்றை ஆளாய்த் தூக்குகிறவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்ப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை.

20.3.2024, புதன்

பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. அழுகி ஓட்டை விழுந்த குடல்வால், வேறு கெட்டது எதுவும் இல்லை. புண் மூடிக்கொண்டு வருகிறது. பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பையன்களை விரட்டுவதோடு சரி.

14.4.2024, ஞாயிறு

வருஷப் பிறப்பு. எதிர்வீட்டுச் சின்னப் பெண் மாங்காய்ப் பச்சடியை அளவில்லாமல் தின்றுவிட்டு வயிறு வலிக்கிறது என்று அழுதுகொண்டு வந்தாள். அவள் அம்மா விளக்கெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டாள். அத்தை பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டார்:

"தொப்புள்ல ஆரம்பிச்சுதாடி, பக்கத்துலயா? பசிக்குதா? எங்க, ஒரு இருமு இருமு பாப்போம்."

அவள் இருமினாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. இரண்டு குதி குதிக்கச் சொன்னார், குதித்தாள். ஒரு முறுக்கையும் தின்றாள். அப்படியும் விடவில்லை, ஆட்டோ பிடித்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். ஒன்றுமில்லை என்று ஏழு மணிக்குத் திரும்பி வந்தார்கள். ஆட்டோக் காசு நூற்று இருபதை அத்தைதான் கொடுத்தார்.