எதிரித் தரப்பு வக்கீல்களுக்கான ஐந்து நாள் பயிற்சி: பட்டதும் கற்றதும்

2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பிறகு, எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, ஆஜராகும் வக்கீல்களுக்கான ஐந்து நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அறிவிப்பில் "பதிவுச் சான்றிதழ் நகல்" என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். காலை வாய்தாவை முடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனால், கவுன்டரில் இருந்தவர் "தொழில் சான்றிதழ் எங்கே மேடம்?" என்றார். அகில இந்திய பார் தேர்வில் தேறிய பிறகு வாங்குவோமே, அது. அறிவிப்பில் இல்லையே என்றதற்கு, "அதெல்லாம் நீங்களே தெரிஞ்சு கொண்டு வரணும்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள்தான் கடைசி நாள். அதை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை வேறொருவர், குற்ற வழக்குகளில் ஆஜரானதற்கு ஐந்து வக்காலத்து நகல் கேட்டார். முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜூனியர் வழக்குக் கட்டுகளைத் தேடிப் போட்டோ எடுத்து அனுப்ப, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, கவுன்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்தேன். போவதற்கு முன் போன் செய்து, என்னென்ன காகிதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பேசியவர் பெயரையும் சேர்த்து.

முதல் இரண்டு நாளும் பிரிவு எண் ஒப்பீட்டிலேயே போயின. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் பழைய 482 இப்போது 528, புதிய 482 முன்ஜாமீன் என்பதெல்லாம் அட்டவணையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். செஷன்ஸ் வழக்கில் விடுவிப்பு மனுவுக்கு (விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது), கமிட்டல் தேதியிலிருந்து, அதாவது மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து, 60 நாள் என்று புதிதாகக் கெடு வந்திருக்கிறது. கட்சிக்காரருக்கு உயிர்நாடியான விஷயம் அது. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாதிரி விசாரணை. பணம் கொடுத்தது வீண் போகவில்லை என்று தோன்றியது அன்றுதான். அடிதடி வழக்கு. நேரில் பார்த்த சாட்சி, எதிரி அரிவாளால் வெட்டினார் என்கிறார். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அரிவாள் என்ற பேச்சே இல்லை. "இதை நீங்கள் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை" என்று கேட்டேன். "சொன்னேன்" என்றார். திருப்தியோடு உட்கார்ந்தேன். அடுத்து விசாரணை அதிகாரி கூண்டேறினார். அவரிடம் சம்பவ இடத்தின் வரைபடத்தையும் மகஜரையும் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) பற்றியே கேட்டு முடித்தேன்.

பயிற்சியாளர் நிறுத்தினார். "சாட்சி அரிவாளைப் பற்றிச் சொல்லவில்லை என்று அதிகாரியிடம் கேட்டீர்களா?" கேட்கவில்லை. "அப்படியானால் அந்த விடுபாடு, அதாவது வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டது, நிரூபணமாகவே இல்லை." வாக்குமூலம் கட்டில் இருந்தால் மட்டும் அது சாட்சியம் ஆகிவிடாது. சாட்சி மறுத்ததை, அதை எழுதிய அதிகாரியின் வாயால்தான் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். சட்டம் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நின்று பேசும்போது விட்டுப்போகிறது. அன்று ராத்திரி என் பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டில் இதே தவறு. அதில் ஒருவர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு, இடது பக்கம் சாட்சியிடம் போட்ட விடுபாடு, வலது பக்கம் அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொள்கிறேன். போன வாரம் செஷன்ஸில் அந்தத் தாளோடு நின்றேன். நான்கு விடுபாடுகள். நான்குக்கும் அதிகாரி "அப்படிச் சொல்லவில்லை" என்றார், நான்கும் பதிவாகின.

சேரப் போகிறவர்கள், மாதிரி விசாரணையில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் நிற்கக் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, நான் முன்வரிசையில் இருந்ததால் தப்பித்தேன். கட்சிக்காரர் பெயர், ஊர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, உங்கள் சொந்த வழக்கின் வாக்குமூல நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். டீ இடைவேளையில் பயிற்சியாளரிடம் காட்டினேன், என் கண்ணில் படாத இரண்டு முரண்பாடுகளைக் குறித்துக் கொடுத்தார்.

சான்றிதழில் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். திங்கள்கிழமை மறுபடி அதே கவுன்டர்.