2001-இல் நின்றுபோன மேக்புக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மேக்கில் (ஆப்பிள் கம்ப்யூட்டரில்) ஓஎஸ் போடும்போது “இன்ஸ்டாலுக்குத் தயார் செய்வதில் பிழை, மறுபடி இயக்கிப் பாருங்கள்” என்று வந்தால் பென்டிரைவைத் திட்டாதீர்கள். மெஷினில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இது தெரியாமல் மூன்று நாள் அலைச்சலும் பன்னிரண்டு ஜிபி டேட்டாவும் எனக்குத் தண்டம்.

மெஷின் அக்காவுடையது. 2009 கடைசியில் வந்த வெள்ளை மேக்புக். பேட்டரி உப்பி டிராக்பேடைத் தூக்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க் கடகடவென்று ஒரு வாரம் சத்தம் போட்டுவிட்டு அடங்கிப்போனது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், திறந்துகூடப் பார்க்கவில்லை. “சார், இது ஆன்டிக் பீஸ். இதுக்கெல்லாம் இனிமே ஓஎஸ் கிடைக்காது. பார்ட்ஸுக்குக் கொடுத்துட்டுப் போங்க, ஆயிரம் ரூபா தர்றேன்.” அந்த ஆயிரம் ரூபாய்தான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

டிஸ்க்கைக் கழற்றி, அதற்குப் பதிலாகச் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடுவதை நானே செய்தேன். அடிமூடியில் எட்டு ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். பேட்டரியைப் பிடித்திருக்கும் மூன்றுக்கு மட்டும் மூன்று கால் உள்ள தனி முனை வேண்டும். மொபைல் ரிப்பேர் கடைத் தம்பியிடம் இரவல் வாங்கினேன். உப்பிய பேட்டரியைத் திரும்ப வைக்கப் பயமாக இருந்தது. சார்ஜரிலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் கழுத்தை அறுத்தது இதுதான்.

இந்த மாடலுக்குக் கடைசியாகப் போகக்கூடிய ஓஎஸ் ஹை சியரா, 10.13. நான் போட எடுத்துக்கொண்டது அதைவிடப் பழைய எல் கேபிடன், 10.11. வாங்கியபோது வந்த ஸ்னோ லெப்பர்ட் டிவிடி எந்தப் பரணில் இருக்கிறதோ! பிற்பாடு வந்த மேக்குகள் மாதிரி நெட்டிலிருந்தே ரெகவரி எடுக்கவும் இதில் வழியில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னது பொய். ஆப்பிளின் சப்போர்ட் பக்கத்திலேயே லயன், மவுன்டன் லயன், யோசெமிட்டி, எல் கேபிடன் எல்லாம் இலவசமாகக் கிடக்கின்றன. வேறு எந்தத் தளத்திலிருந்தும் ஓஎஸ் இறக்காதீர்கள். உள்ளே என்ன வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஃபைல் ஆறு ஜிபிக்கு மேல். வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் இறக்கிப் பென்டிரைவில் போட்டால் ஏறவில்லை. பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தது, அதில் நாலு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொண்டு அம்பத்தூரில் நண்பன் வீட்டுக்குப் போனேன். பூட் ஆகிற பென்டிரைவ் தயாரிக்க இன்னொரு மேக் வேண்டும். அவனிடம் ஆப்பிளின் எம்1 சிப் வைத்த புத்தம்புது மேக் இருந்தது. அது ஒரே வரியில் முடித்துவிட்டது: இந்த ஓஎஸ்ஸை இந்தக் கம்ப்யூட்டரில் போட முடியாது. நான் எங்கே அதில் போடப் போகிறேன்? இறக்கிய பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் இன்ஸ்டாலரை வெளியே எடுக்கத்தான் கேட்கிறேன். ஆனால் பிரிப்பதற்கு முன்பே அது மெஷின் மாடலைச் சரிபார்க்கிறது. எல் கேபிடன் ஓடக்கூடிய மேக்கில்தான் பிரியும். காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

சேலையூரில் சித்தி பையனிடம் 2015 மேக்புக் ஏர் இருக்கிறது. அப்டேட் போடுடா என்று எத்தனையோ தடவை திட்டியும் ஹை சியராவிலேயே நிற்கிற சோம்பேறி. அவன் சோம்பல் வாழ்க! பொட்டலம் உடனே பிரிந்தது. 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றை டிஸ்க் யுடிலிட்டியில் அழித்தோம் (முழு டிரைவையும் தேர்ந்தெடுத்தால்தான், மேக் பூட் ஆகத் தேவையான ஜியுஐடி பார்ட்டிஷன் என்ற தேர்வு வரும்). டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் ஜன்னல்) பூட் பென்டிரைவ் தயாரிக்கும் கட்டளை கொடுத்ததும் அழிப்பது 10%, 20% என்று ஓடிக் காட்டியது. அப்புறம் “காப்பி செய்கிறேன்” என்று ஒரு வரி. அவ்வளவுதான், அரை மணி நேரத்துக்கு அசைவே இல்லை. தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள், வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஆப்ஷன் கீயை அமுக்கிக்கொண்டு ஆன் செய்தேன், பென்டிரைவ் தெரிந்தது, எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்தேன், இன்ஸ்டால் அழுத்தினேன். அப்போதுதான் அந்தப் பிழை. மறுபடி அழுத்தினாலும் அதே பிழை. டவுன்லோடு கெட்டுப்போயிருக்கும் என்று ராத்திரி முழுக்க இன்னொரு ஆறு ஜிபி இறக்கி, காலையில் மீண்டும் சேலையூர் போய்ப் பென்டிரைவ் தயாரித்து வந்தேன். எழுத்து மாறாமல் அதே பிழை.

கடைசியில் மேலே விண்டோ மெனுவில் இருந்த இன்ஸ்டாலர் லாக்கை, அதாவது அது செய்த வேலைகளின் பதிவை, திறந்தேன். புரியாத வரிகள்தான். ஆனால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஜனவரி 1 என்று இருந்தது. டெர்மினலைத் திறந்து தேதி கேட்டால், 2001! பேட்டரி இல்லாததால், சார்ஜரைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் அங்கே போய் நின்றிருக்கிறது. இன்ஸ்டாலருக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு, அதற்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. எல் கேபிடன் வந்ததே 2015-இல். 2001-இல் நிற்கும் மெஷினுக்கு அது இன்னும் பிறக்காத பிள்ளை. இதை அந்தப் பிழைச் செய்தியில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்?

டெர்மினலில் ‘டேட்’ கட்டளையோடு மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், இவற்றை இடைவெளியில்லாமல் பத்து எண்ணாக அடிக்க வேண்டும். நான் நம் பழக்கத்தில் நாளை முதலில் போட்டேன். 19-ஆம் மாதம் ஏது? திட்டியது. மாற்றிப் போட்டதும் இன்ஸ்டால் தானாக ஓடி முடிந்தது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 2019 அக்டோபருக்கு முன் இறக்கி வைத்த இன்ஸ்டாலர் என்றால் சான்றிதழ் அந்த மாதம் 24-ஆம் தேதியோடு காலாவதி. “சரிபார்க்க முடியவில்லை, கெட்டுப்போயிருக்கலாம்” என்று வரும். புதிதாக இறக்குங்கள், அல்லது வைஃபையை அணைத்துவிட்டுத் தேதியை 2016-க்குத் தள்ளி இன்ஸ்டால் செய்யுங்கள்.

போட்டு முடித்த பிறகு சஃபாரியில் பாதித் தளங்கள் பாதுகாப்பில்லை என்று மிரட்டின. தளங்களை நம்பலாமா என்று பார்க்க எல் கேபிடன் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்களில் ஒன்று 2021 செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 78-ஐ வேறு லேப்டாப்பில் இறக்கிக் கொண்டுவந்து போட்டேன். அது தன் சான்றிதழ்களைத் தானே வைத்திருப்பதால் பிரச்சினையில்லை. பேங்க் வேலை மட்டும் இதில் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு வேண்டியது தமிழில் அடிப்பது. அஞ்சல் கீபோர்டும் இணைமதி எழுத்துருவும் ஓஎஸ்ஸிலேயே இருக்கின்றன.

நேற்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. “மாமா, மறுபடியும் 2001!” என்று அக்கா பையன் உள்ளேயிருந்து கத்தினான். புது பேட்டரிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.