சாமோத்ராஸ் நைக்கி: இடது இறக்கை முட்டில்லாமல் நின்றுவிட்டது

பின்னால் கம்பி இல்லை, பசை இல்லை, அடியில் முட்டுக்கொடுத்த குச்சியும் இல்லை. முதுகில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) இறக்கையின் அடியை இறக்கிவிட்டுக் கையை எடுத்தேன், அப்படியே உட்கார்ந்துகொண்டது. மேசையை வேண்டுமென்றே ஓங்கித் தட்டியும் பார்த்தேன். அசையவில்லை! சாமோத்ராஸ் தீவில் கிடைத்த நைக்கி என்னும் இந்தக் கிரேக்க வெற்றித் தெய்வத்தின் சிலையைச் சிறிய அளவில் செய்யத் தொடங்கியதே இந்த ஒரு இணைப்புக்காகத்தான்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலச் சிலை 2.75 மீட்டர் உயரம். நான் செய்வது அதில் பத்தில் ஒரு பங்கு, 27.5 செ.மீ. அடுப்பில் சுட்டால் இறுகும் பாலிமர் களிமண், உள்ளே அலுமினியக் கம்பிச் சட்டகம். உடம்பு சுட்டு முடிந்துவிட்டது. வயிற்றோடு ஒட்டிக்கிடக்கும் ஈரத்துணி மடிப்பைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, அது வேறொரு நாள்.

இறக்கை வைத்த உருவம் என்றால் தோளில் துளை போட்டு, பித்தளைக் கம்பியைச் சொருகி, எப்பாக்ஸி பசை வைத்து ஒட்டிவிடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். சின்ன உருவத்துக்கு அது போதும். இந்தச் சிலைக்கு அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கி.மு. 190 வாக்கில் பாரோஸ் தீவுப் பளிங்கில் இதை வடித்த சிற்பி, பெரிய பளிங்குத் துண்டுகளாலான இறக்கையை வெளித்தாங்கல் எதுவும் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார். முதுகில் ஆழமில்லாத பள்ளம், இறக்கையின் கீழ்விளிம்பு உடம்பை நோக்கிச் சரிவு, அவ்வளவுதான். இறக்கையின் எடையே அதை உடம்போடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கல்லிலேயே அவர் இதைச் சாதித்திருக்கும்போது, களிமண்ணில் நான் ஏன் கம்பியைத் தேடவேண்டும்?

எல்லாமே சரிவில்தான் இருக்கிறது. காடியின் அடித்தளம் உள்நோக்கி இறங்கவேண்டும். சரிவு குறைந்தால் இறக்கையின் மேற்பகுதி முதுகை விட்டு விலகிப் பின்னால் சாயப் பார்க்கிறது. கூடிவிட்டால் காடியின் வெளி உதடு மெலிந்து, கையில் எடுக்கும்போதே விரிசல் விடுகிறது. சுட்ட உடம்பில் முதலில் காடியை வெட்டி, ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவைத் தேய்த்தேன். பிறகு காடிக்குள் டால்கம் பவுடர் தூவி, இறக்கையின் கழுந்தை, அதாவது காடிக்குள் இறங்கும் அடிமுனையை, சுடாத களிமண்ணிலேயே அதற்குள் அழுத்தி எடுத்தேன். அளவெடுத்து வெட்டுவதைவிட இந்த வழி நூறு மடங்கு மேல். காடியில் அரத்தின் கீறல் இருந்தால் கழுந்திலும் அதே கீறல் விழுகிறது, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன.

இறக்கையின் எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அடிப்பகுதி தடிமனாகவும் கெட்டியாகவும் இருக்கவேண்டும், நுனியை எவ்வளவு மெலிதாக்க முடியுமோ அவ்வளவு மெலிதாக்கவேண்டும். நுனி இறகுகள் கனத்தால் எந்தச் சரிவும் காப்பாற்றாது. சுடும்போது தட்டில் பஞ்சு பரப்பி இறக்கையைப் படுக்கவைத்தேன். சூடேறும்போது இந்தக் களிமண் முதலில் இளகி, அப்புறம்தான் இறுகும். சுடும் மின்னடுப்பின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள்.

களிமண் விற்பவர்களிடம் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. இணையத்தில் வாங்கிய பொட்டலம் பழைய சரக்கு, பிசையப் பிசைய உதிர்கிறது. விலையோ புதுச் சரக்கின் விலை. கருவிக்குப் பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைக்குப் போங்கள். மெழுகு செதுக்க அவர்கள் வைத்திருக்கும் எஃகுக் கரண்டியின் முனை, இறகின் நடுநரம்பைக் கீறுவதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. சிற்பக் கருவி என்று பெயர் போட்டு விற்கும் பெட்டிகளில் இந்த நேர்த்தி கிடைப்பதில்லை.

வலது இறக்கை இன்னும் வெறும் களிமண் உருண்டைதான். லூவரில் நாம் பார்க்கும் வலது இறக்கை பிளாஸ்டரில் செய்தது, இடதைத் திருப்பிப் போட்ட நகல். கிடைத்த துண்டுகளை ஆராய்ந்தவர்கள், மூல வலது இறக்கை இதைவிட உயரமாகத் தூக்கியிருந்தது என்கிறார்கள். நான் தூக்கித்தான் வைக்கப்போகிறேன். அதற்கு வேறு சரிவு வேண்டும், அந்தப் பக்கத்துக் காடியை இன்னும் வெட்டவில்லை. வண்ணத்திலும் அருங்காட்சியக வெள்ளையோடு நிறுத்த எண்ணமில்லை. மூலத்தின் இறக்கைகளில் எகிப்திய நீலம் என்னும் பழங்கால வண்ணப்பொடியின் தடயம் கிடைத்திருக்கிறது. என் நைக்கிக்கும் நீலம் உண்டு.

இதற்கிடையில் மனம் சிலைக்குப் பீடமாக இருக்கும் கற்கப்பலுக்குப் போய்விட்டது. 1863இல் பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஷாம்ப்வாசோ சிலையைக் கண்டெடுத்தபோது பக்கத்தில் கிடந்த சாம்பல் நிறக் கற்களைக் கப்பல் என்று யாரும் அறியவில்லை. பிறகு ஆஸ்திரிய ஆய்வாளர்கள்தான் அவை ஒரு கப்பலின் முன்பகுதி என்று கண்டுபிடித்தார்கள். ரோட்ஸ் தீவின் லார்தோஸ் பளிங்கு அது. அங்கேயும் இதே சூத்திரம்தான்: முன்னால் துருத்தி நிற்கும் கற்களைச் சிலையின் எடை சமன்செய்கிறது. அதையும் தனித்தனித் துண்டுகளாக வார்த்து, ஒட்டாமல் அடுக்கப் பார்க்கிறேன். வெள்ளைச் சிமெண்டில் கலக்கச் சாம்பல் நிறப் பொடி சொல்லியிருக்கிறேன். வந்ததும் முதல் அச்சு.