நடை சாத்துவதற்குள் திருக்கடையூர்

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு வேனில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று அம்மாவை அழைத்துப் போனேன். வழியில் அபிராமி இருக்கும் திருக்கடையூரிலும் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தினார்கள்தான். ஆனால் அப்போது மணி ஒன்றேகால், நடை சாத்தியாகிவிட்டது. வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். "அவ இன்னைக்குக் கூப்பிடலை போல" என்று மட்டும் சொன்னாள். அடுத்த கோயிலுக்கு நேரமாகிறது என்று வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அந்தக் கோயில் ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை அங்கேதான் செய்வதாக இருந்தோம். அப்பா 58 வயதிலேயே போய்விட்டார்.

அதனால் இந்த மாசியில் போனபோது திட்டத்தைத் தலைகீழாகப் போட்டேன். எத்தனை கோயில் பார்க்கலாம் என்று கணக்குப் போடவில்லை. திருக்கடையூரில் பத்து மணிக்கு இருக்க வேண்டும், அதற்கு முன்னால் எது முடியும், பின்னால் எது முடியும் என்று மட்டும் யோசித்தேன். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் பல பேருடைய பயணம் வீணாகிறது. நான் அந்த நேரத்தைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்கினேன். திருக்கடையூரிலிருந்து 8 கி.மீ.தான். கோட்டைக்கும் கடலுக்கும் நடை சாத்துவது கிடையாதே.

முதல் நாள் இரவே மயிலாடுதுறைக்கு வந்து தங்கிவிட்டு, காலை ஐந்தரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். முதலில் திருவெண்காடு. புதன் தலம் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். புதனுக்கு விளக்குப் போட்டுவிட்டு அப்படியே வெளியே போய்விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. மூலவர் சுவேதாரண்யேசுவரர், பிரம்ம வித்யாம்பாள், வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத அகோரமூர்த்தி என்று நின்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தஞ்சாவூர் கலைக்கூடத்தில், பாம்புகளைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்கும் அந்த ரிஷபவாகனர் வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். ராஜராஜன் காலத்துச் சிலை. அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

முக்குளத்திலும் இறங்கிக் குளிக்க அம்மாவின் முழங்கால் விடாது. மூன்றிலிருந்தும் தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துவிட்டேன். அப்புறம் பிள்ளையிடுக்கி அம்மன் முன்னால் வந்து நின்றோம். சம்பந்தர் இந்த ஊருக்கு வந்தபோது மணலெல்லாம் சிவலிங்கமாகத் தெரிந்ததாம். எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார். அம்பாள் வந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாளாம். அந்தக் கோலத்தில் நிற்கிறாள். "உன்னையும் இப்படித்தான் தூக்கிட்டு அலைஞ்சேன், நாலு வயசு வரைக்கும் இறங்க மாட்டே" என்றாள் அம்மா. இப்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாள்.

பூம்புகாரில் அதிக நேரம் இருக்கவில்லை. ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் தாங்காத அந்தச் சங்கமத்தில் அன்று நாங்களும் சில மீனவர்களும்தான். குடகில் கிளம்பி இத்தனை வயலுக்கும் பாய்ந்த காவிரி, கடைசியில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கித்தான் கடலில் சேர்கிறது. அம்மா காலை நனைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். நான் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திருக்கடையூர் கோபுரம் தெரிந்தது.

உள்ளே ஊர்க் கல்யாணம் போலச் சத்தம். மண்டபத்தில் எங்கே திரும்பினாலும் மாலை போட்ட வயதான ஜோடிகள். அறுபதுக்கு சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். ஒவ்வொரு குடும்பமும் கலசத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஓமப் புகையில் கண் எரிந்தது. மார்க்கண்டேயனுக்காக எமனையே காலால் உதைத்த இடம். அதனால்தான் ஆயுளுக்காக இங்கே வருகிறார்கள். அமிர்தகடேசுவரர் லிங்கத்தின் மேல் எமன் வீசிய பாசக்கயிற்றின் தழும்பு இருக்கிறது. அபிஷேக நேரத்தில் போனால் குருக்கள் காட்டுவார். காலசம்ஹாரமூர்த்தி முன்னால் அம்மா நின்ற நேரத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. எமனை உதைத்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லையே என்று ஒரு காலத்தில் நானும் கோபப்பட்டிருக்கிறேன்.

அபிராமி சந்நிதியில் நிம்மதியாக நிற்க முடிந்தது. தை அமாவாசையன்று சரபோஜி மன்னர் திதி கேட்க, அவள் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்த பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சொல்லி அவள் மேல் அந்தாதி பாடினார். எழுபத்தொன்பதாவது பாட்டில் அவள் தன் காதுத் தாடங்கத்தைக் கழற்றி வானத்தில் வீச, அது நிலாவாக நின்றது. இந்தக் கதையை எனக்குச் சொன்னது அப்பா. அந்தப் பாட்டை அம்மா வாய்விட்டுச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றது, பின்னாலிருந்த ஒரு பெண் அடியை எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வரும்போது ஒரு ஜோடிக்கு மாங்கல்ய தாரணம். கெட்டிமேளம். ஒரு பையன் தட்டில் அட்சதையை ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தான். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாம்ப்பா, நீங்க போடுங்க" என்றாள். அவள் ஏன் மறுக்கிறாள் என்று அந்தப் பையனுக்குப் புரியவில்லை. மணையில் இருந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அறுபது வயதுதான் இருக்கும், கூறைப்புடவையில் முகமெல்லாம் வியர்வை. மாலையைச் சரிசெய்துகொண்டே, "அம்மா, நீங்க பெரியவங்க. உங்க கையால போடுங்க" என்று கூப்பிட்டாள்.

அம்மா போட்டாள். கை நடுங்கியதில் பாதி கீழே விழுந்தது. அவர்கள் இருவரும் எழுந்து வந்து அவள் காலில் விழுந்தபோது, "ரெண்டு பேரும் நல்லா இருங்க, ஒண்ணாவே இருங்க" என்றாள். எந்த ஊர், என்ன பேர், ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். இளநீர் குடித்துவிட்டு டேனிஷ் கோட்டைக்குள் நிழலில் உட்கார்ந்தோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ராஜா வீதியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இருக்கிறது. 1706இல் இங்கே கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படித்து, அச்சகம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் எழுப்பிய தேவாலயம் அது. அம்மா அங்கேயும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மாலையில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை அதில் மோதும்போது சந்நிதி வரை சத்தம் வருகிறது. தீபாராதனையின்போது மணிச் சத்தம் எது, அலைச் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. எங்களைத் தவிர யாருமே இல்லை. திருக்கடையூருக்கு வருபவர்கள் இன்னும் 8 கி.மீ. வந்து இவருக்கும் ஒரு விளக்கு ஏற்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இரவு ரயிலில் படுக்கையை விரிக்கும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் அரிசி, பத்துப் பன்னிரண்டு மணி இருக்கும். கீழே விழுந்ததைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு காகிதத்தில் மடித்து என் பையில் வைக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அதை வாங்கி, பூஜை அலமாரியில், அப்பாவின் மூக்குக் கண்ணாடி இருக்கும் சம்படத்தில் போட்டு மூடினாள்.