குறுக்குத்துறை முருகனுக்கு ஆச்சி சொன்ன சந்தனக்காப்பு

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்த ராத்திரி, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாமா வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஆச்சி குறுக்குத்துறை முருகனுக்குச் சந்தனக்காப்பு வேண்டிக்கொண்டாள். வீட்டில் உள்ள உயிர் அத்தனையும் பத்திரமாகக் கீழே இறங்க வேண்டும் என்பது வேண்டுதல். பக்கத்து வீட்டுப் பசுமாட்டையும் கணக்கில் சேர்த்திருக்கிறாள்.

நான் கோயம்புத்தூரில். 18ஆம் தேதி காலையிலிருந்து மாமா போன் போகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றார்கள். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நிற்கிறது என்றார்கள். டிவியில் திரும்பத் திரும்பக் குறுக்குத்துறைக் கோயிலைத்தான் காட்டினார்கள். செம்மண் நிறத் தண்ணீருக்கு நடுவே அதன் உச்சி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் ஆச்சிக்கு அந்த உச்சிதான் தைரியம் கொடுத்திருக்கிறது. யாரோ மாடிக்கு மாடி கத்திச் சொன்னார்களாம், "கோயில் தெரியுது"ன்னு. "அவன் நிக்கான்லா, நாமளும் நிப்போம்" என்று சொல்லிவிட்டுக் கவசம் பாட ஆரம்பித்துவிட்டாளாம். வீட்டில் கீழ்த்தளத்துச் சாமான் எல்லாம் போயிற்று. கிரைண்டர், பீரோ, அம்மா கல்யாண ஆல்பம். உயிர் ஒன்றும் போகவில்லை. மாடும் பிழைத்தது.

அப்புறம் ஆச்சி வாசல்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன், படுக்கை, வாக்கர் என்று காலம் ஓடியது. நடுவில் மாமா, "நானே போய் சாத்திட்டு வந்திருதேன்" என்று சொல்லிப் பார்த்தார். "வேண்டுனது நானா நீயா?" என்று ஒரே கேள்வி. கடைசியில் மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பட்டரிடம் சொல்லிவைத்துவிட்டு எனக்குப் போன் வந்தது. ஏன் நான் வரவேண்டும் என்று கேட்கவில்லை. ஆச்சி கூப்பிட்டால் போவதுதான்.

காலையில் ஆட்டோ பாலத்தில் ஏறியதும் ஆச்சி டிரைவரின் தோளைத் தட்டினாள். "மெதுவா போய்யா, ஆத்தைப் பாத்துக்கிடுதேன்." பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவள் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் பாலத்தையும் கும்பிட்டாள். பாலத்தைக் கும்பிடுகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுலோசன முதலியார் பாலத்தைப் பற்றி ஆச்சி பேசினால், முதலியார் ஏதோ எங்கள் தெருவில் இருந்துவிட்டுப் போனவர் மாதிரி இருக்கும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த மனுஷர். அந்தக் காலத்தில் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. பாலம் கட்ட அரை லட்ச ரூபாய் வேண்டியிருந்தது. ஜனங்களிடம் வசூலிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பணத்தை நான் தருகிறேன் என்று முதலியார் சொன்னார். வீட்டு நகைகளைக் கூடக் கொடுத்ததாக ஊரில் சொல்வார்கள். கேப்டன் ஹார்ஸ்லி வரைபடம் போட்டுக் கொடுக்க, லண்டனில் தேம்ஸ் நதி மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்து, 11 வளைவுகளோடு 1843இல் திறந்தார்கள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே இரட்டைத் தூண் நிற்பது இப்போதும் ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தால் தெரியும். மேலே போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் கைப்பிடிச் சுவரும் சுவரொட்டியும்தான். ஊர்க்காரர்களிலேயே பாதிப்பேர் அந்த வளைவுகளைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1817இல் திறந்த அந்த லண்டன் பாலத்தின் தூண்கள் இறங்கிப்போய், 1930களில் அதை இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார்கள். பார்த்துக் கட்டிய எங்கள் பாலம் 1869 வெள்ளத்தில் அடிபட்டது, செப்பனிட்டார்கள். பிற்பாடு அகலப்படுத்தினார்கள். 1992 வெள்ளம், 2023 வெள்ளம் இரண்டையும் பார்த்துவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன. தன் பெயருக்கு ஒரு கோயில் கட்டியிருக்கலாம் அவர், பாலம் கட்டினார். அந்தப் பாலத்தில் ஏறித்தான் நாங்கள் கோயிலுக்குப் போகிறோம். ஆச்சி கும்பிடுவது சரிதான் என்று தோன்றியது.

மீனாட்சிபுரம் வழியாகக் குறுக்குத்துறை. ஆட்டோ நின்றதும் ஒருத்தர் ஓடிவந்தார். "பாட்டியம்மாவைத் தூக்கிட்டுப் போய் சன்னதியிலேயே விட்டிருவோம்மா, ஐந்நூறு குடுங்க." ஆச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் என்ன சப்பரமா, தூக்கிட்டுப் போக?" அவர் முந்நூறு என்றார், இருநூறு என்றார், பிறகு தோஷ பரிகாரம் ஏதாவது செய்யணுமா என்றார். முருகன் சன்னதிக்குப் போகிற வழியில் எவனுக்கு என்ன தோஷம்? மாமா சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தார்.

படித்துறையில் இறங்கினால் இன்னொரு வேதனை. யார் யாரோ கழற்றிப் போட்ட வேட்டி, சேலை, நைட்டி எல்லாம் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கின்றன. குளித்த துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னாரோ. ஷாம்பூ பாக்கெட் வேறு. பொதிகை மலையிலிருந்து அவ்வளவு தெளிவாக இறங்கி வருகிறவளை ஊருக்குள் வந்ததும் இப்படி ஆக்கிவைத்திருக்கிறோம். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுகிற நாம் ஆற்றுக்குள் எதைக் கழற்றிப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? சரி, புலம்பி என்ன.

கரையிலிருந்து கோயிலுக்குப் போகும் பாதை ஆரோக்கியமானவர்களுக்கு நாலு எட்டு. வாக்கரோடு ஒரு கிழவிக்கு அது மலையேற்றம். கல் வழுக்கியது. வாக்கரின் கால் ஒரு இடுக்கில் மாட்டிக்கொண்டது. மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆச்சியின் மூச்சு இரைக்கிறது, கை நடுங்குகிறது, "முருகா முருகா" என்று வாய் மட்டும் நிற்கவில்லை. நடுவில் நின்றுவிட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். "ஏட்டி, ஆத்துத் தண்ணியைத் தலையில தெளி" என்றாள். குனிந்து அள்ளித் தெளித்தேன். மாசி மாசத்துக் காலைத் தண்ணீர் அவள் நெற்றியில் வழிந்தது. பிறகு நடந்தாள். எப்படி நடந்தாள் என்று கேட்காதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.

இந்தக் கோயிலைக் கட்டியவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீராது. ஆற்றின் போக்கிலேயே, பாறை மேலே, எல்லா வெள்ளமும் முதலில் மோதுகிற இடத்தில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வருகிற பக்கம் படகின் முனை மாதிரி கூராக இருப்பதால் வெள்ளம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போய்விடும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆற்றை மறித்துக்கொண்டு நிற்காமல் அதற்கு வழிவிட்டு நிற்கிறது கோயில். கீழே பாலத்தின் 11 வளைவுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. எத்தனையோ தலைமுறை இடைவெளியில் வேலை செய்த சிற்பிக்கும் இன்ஜினியருக்கும் இந்த ஆறு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வாய்க்கால் மேல் வீடு கட்டிவிட்டுத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று அழுகிற நம் காலத்துக்கு அது எட்டவில்லை.

வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். "மூலவர், சாமி?" என்று தெரிந்தே கேட்டேன். பட்டர் சிரித்தார். "அவர் பாறையிலேயே இருக்கிறவர். எங்கம்மா தூக்கிட்டுப் போறது? தண்ணி வடிஞ்சதும் நாங்கதான் வந்து சேறு அள்ளணும்." திருச்செந்தூர் மூலவருக்கே இங்கேயிருந்துதான் கல் போயிற்று என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருவுருவாமலை என்ற பெயரும் அதனால்தான்.

திரை போட்டுவிட்டார்கள். உள்ளே அலங்காரம் நடக்கிறது. ஆச்சியைத் தூணில் சாய்த்து உட்கார வைத்தோம். சந்தனமும் பன்னீரும் மணக்கிறது. கோயிலில் எங்களைத் தவிர ஒரு புதுக் கல்யாண ஜோடியும் நாலைந்து பேரும். வெளியே ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கல்லில் மோதிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆச்சி சுவரைக் கையால் தடவிக்கொண்டே, "இதுக்கு மேல, இதுக்கும் மேல போச்சு தண்ணி" என்று புதுப்பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மரியாதைக்கு அண்ணாந்து பார்த்தது.

மணி அடித்தது. திரை விலகியது.

முருகன் முழுக்கச் சந்தனத்தில். கண்ணும் வேலும் மட்டும் எடுப்பாக. தீபம் முகத்துக்கு நேராக வந்தபோது அந்தக் கண் என்னைப் பார்த்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பார்த்தது. இதே கண் வரைக்கும், இதற்கு மேலும், சேற்றுத் தண்ணீர் நின்றதே, அந்த ராத்திரி மூடியிருந்த கதவுக்குப் பின்னால் இருட்டில் தனியாக நின்றாயே அப்பா என்று மனசு கதறியது. எங்கள் வீட்டு ஆட்கள் மாடியில் இருந்தார்கள், நீ தண்ணீருக்குள் இருந்தாய். எங்களுக்கு வரவேண்டியதை நீ வாங்கிக்கொண்டாயா? என்ன கேட்க வேண்டும் என்று ரயிலில் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தேன். மகன் பரீட்சை, வீட்டுக் கடன், எல்லாம். ஒன்றும் வாயில் வரவில்லை. பக்கத்தில் ஆச்சி, அவ்வளவு நாள் காத்துக்கிடந்தவள், கும்பிடக்கூட இல்லை. வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சண்டை போட்டுவிட்டுப் போன பிள்ளை வீடு திரும்பியதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்லாருக்கியாய்யா" என்றாள். அவ்வளவுதான். பட்டர் தீபத்தைக் கொண்டுவர மறந்து நின்றதை நான் பார்த்தேன். மாமா, வெள்ளத்தில் கிரைண்டர் போனதற்கே கண் கலங்காத மாமா, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சர்க்கரைப் பொங்கலை அங்கேயே எல்லோருக்கும் கொடுத்தோம். திரும்பும்போது கல் வழுக்கியதா, வாக்கர் மாட்டியதா, எதுவும் ஞாபகமில்லை.

நெல்லையப்பரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்றாள் ஆச்சி. டவுனில் கூட்டமான கூட்டம். வரிசையில் முண்டியடித்து ஒருவர் ஆச்சியின் வாக்கரையே தள்ளிவிட்டுப் போனார். பக்தியாம். மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கத் துடிக்கிறவர்களும் செல்ஃபி எடுக்கிறவர்களும் வழியை அடைத்துக்கொண்டு. ஒரே கல்லில் கொத்துக்கொத்தாகச் சின்னத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம். தட்டித் தட்டி அதைத் தேய்த்துவிட்டுத்தான் ஓய்வோம் போல. வேதபட்டர் காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் வேலி போட்டுக் காத்த நெல்லையப்பர் இதையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். சங்கிலி மண்டபத்தில் மட்டும் கூட்டம் இல்லை. சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்க 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய மண்டபம். அந்த நீண்ட நிழலில் ஆச்சி வாக்கரைத் தட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். அதுவும் ஒரு பாலம்தான், தண்ணீர் மட்டும் இல்லை. அம்பாள் முன்னால் எனக்கு மறுபடி அழுகை வந்தது, அதை எழுதினால் இது முடியாது.

ராத்திரி ரயிலுக்கு டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு ஈரடுக்கு மேம்பாலம் வழியாகக் கிளம்பினேன். தண்டவாளத்துக்கு மேலே 1973இல் கட்டிய இரண்டு அடுக்குப் பாலம், எங்கள் ஊர் ஆட்களுக்கு இன்னும் பெருமை. பாலத்தில் ஏறும்போதே போன். ஆச்சிதான்.

"சொல்ல மறந்துட்டேன் தாயி. திரை விலகுன நேரத்துல உம் பேருக்கு ஒண்ணு வேண்டிட்டேன். செந்தூர்ல பால்குடம். உம் மவன் பரீட்சை முடிஞ்சதும் எடுத்திரு."

நான் பரீட்சையைப் பற்றி அவளிடம் பேசவே இல்லை. கும்பாபிஷேகம் முடிந்ததிலிருந்து செந்தூரில் நிற்க இடமில்லை என்கிறார்கள். என்ன செய்ய, மாமாவிடம் காலை பாசஞ்சர் எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்திருக்கிறேன்.