ஹம்பக்கரை நேராக மரத்தில் முடுக்கும் வேலை: நாட்குறிப்பு

ஜனவரி 4

என் எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் அடிமுனை) பக்கத்து ஹம்பக்கரைச் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை) சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றிவிட்டு, பிக்கப்பை நேராக மரத்திலேயே முடுக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆம்ப்பில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் கீச்சென்று ஊளையிடுகிறது, பிக்கப்பின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது. வளையத்தில் இரண்டே இரண்டு மெல்லிய திருகுகளில், ஸ்பிரிங்கின் தயவில் தொங்கும் பிக்கப் சத்தம் ஏறும்போது தானும் சேர்ந்து ஆடுகிறது, அதுதான் ஊளை. அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உள்ளே, செப்புக் கம்பிச் சுற்றுகள் தளர்ந்திருக்கும். அதற்கு மெழுகில் முக்கி எடுப்பதுதான் வைத்தியம், மரத்தில் முடுக்கிப் பயனில்லை. ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன் இந்த ஒரு சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும்.

ஜனவரி 5

நேராக முடுக்குவது ஏதோ புதுமை என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. 1946-இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த பி-90 பிக்கப்பின் சோப்புக்கட்டி வடிவம், 1952-இல் முதல் லெஸ் பால் கிட்டார்களில் வந்தபோதே, பிக்கப்பின் ஊடாகவே திருகு இறங்கி மரத்தைப் பிடித்தது. 1957-இல் அதே கிட்டாருக்கு ஹம்பக்கர் வந்தபோதுதான் வளையமும் வந்தது. வளைந்த மேற்பரப்பில் அடிப்பாகம் ஒட்டி உட்காரவும், உயரத்தை மேலிருந்தே மாற்றவும் வளையம் அங்கே அவசியம். தட்டையான பாடிக்கு (கிட்டாரின் மர உடலுக்கு) அந்தக் கட்டாயம் இல்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் பக்கம் வந்தால், பிரிசிஷன் பேஸ், ஜாஸ் பேஸ் ஆகிய பேஸ் கிட்டார்களின் பிக்கப்கள் அடியில் ஃபோம் வைத்து மரத்தில் முடுக்கியவைதான். பழைய டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் (கழுத்துப் பக்க) பிக்கப்பும் மரத்தில்தான், அதன் உயரத்தை மாற்ற மேல் தகட்டையே கழற்ற வேண்டும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான் தன் மூன்று பிக்கப்களையும் பிளாஸ்டிக் தகட்டில் தொங்கவிட்டது. அப்புறம் எழுபதுகளில் ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் கையால் ஒட்டுப்போட்ட கிட்டாரில் ஹம்பக்கரை மரத்தோடு முடுக்கி வாசித்தார், அதன் பிறகு ராக் கிட்டார்களில் இது ஒரு பாணியாகவே ஆகிவிட்டது.

ஜனவரி 9

இன்று அளவு மட்டும். இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது, துளை போடுவதெல்லாம் அதன் பிறகு வரும் சில நிமிட வேலை.

கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் இரும்புத் தலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். கிப்சன் வழக்கமாகச் சொல்லும் அளவு பிரிட்ஜில் 1.6 மி.மீ., நெக்கில் 2.4 மி.மீ. இப்போது வளையத்தில் இருக்கும் நிலையில் எனக்கு எந்த உயரம் பிடித்திருக்கிறதோ, அதைக் காலிப்பரில் (நுண்ணளவுக் கருவியில்) அளந்து தடித்த கம்பிப் பக்கம், மெல்லிய கம்பிப் பக்கம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன். பிடித்த ஒலி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வளையத்தைக் கழற்றக் கூடாது, பின்னால் ஒப்பிட எதுவுமே இருக்காது.

இன்னொரு விஷயம், சாய்வு. பாடியிலிருந்து நெக் பின்பக்கமாகச் சாய்ந்து போகும் கிட்டாரில், பிரிட்ஜை நோக்கி வர வர கம்பிகள் பாடியை விட்டு உயர்ந்துகொண்டே வரும். வளையத்தின் மேல்பக்கத்தைச் சரிவாகச் செய்வது இதற்காகத்தான். பிக்கப் உட்காரும் குழியின் அடி தட்டையாக இருந்தால் பிக்கப்பும் பாடிக்கு இணையாக உட்காரும், கம்பிக்கு இணையாக இருக்காது, இரண்டு சுருள்களில் ஒன்று கம்பிக்கு நெருங்கி மற்றது விலகிப் போகும். அதனால் அடியில் வைக்கும் மரத்துண்டையே லேசான சரிவோடு சீவப் போகிறேன்.

ஜனவரி 11

குழி ஏற்கெனவே ஆழம் அதிகம். வளையத்துக்காக வெட்டிய குழிகள் பொதுவாக இப்படித்தான், திருகுகள் கீழே இறங்க இடம் விட்டிருப்பார்கள். அதனால் இரு முனையிலும் மஹோகனித் துண்டுகளை, மரத்தின் ரேகை பாடியின் ரேகையோடு ஒரே திசையில் ஓடும்படி வைத்து ஒட்டிக் கிளாம்ப் போட்டாயிற்று. பசை முழுசாகக் காயட்டும். வளையம் விட்டுப்போன நான்கு துளைகளையும் குச்சி வைத்து அடைத்துவிட்டேன். குழியின் ஓரம் இனி வெளியே தெரியும், அதைத் தேய்த்துச் சீராக்கியதில் பாதி நாள் போய்விட்டது.

ஜனவரி 12

துளை போடும் நாள். ஹம்பக்கரின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில் இருக்கும் ஓட்டை, வளையத்தின் மெல்லிய திருகுக்காக மரை வெட்டியது, சுமார் 2.5 மி.மீ. அதன் வழியே கொஞ்சம் தடித்த மரத்திருகை வலிந்து ஏற்றினால் திருகு காதையும் கடிக்கும் மரத்தையும் கடிக்கும், அப்புறம் எத்தனை சுற்றினாலும் உயரம் மாறாது. காதில் திருகு தடையின்றி வழுக்கிப் போக வேண்டும், மரத்தில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். ஒன்று அப்படி வழுக்கிப் போகும் அளவுக்கு மெல்லிய திருகு போடுங்கள், இல்லையென்றால் காதின் ஓட்டையை 3 மி.மீ. ஆக்குங்கள். நான் ஓட்டையைப் பெரிதாக்கினேன். உலோகத் தூள் சுருளுக்குள் போகாமல் பிக்கப் முழுவதையும் டேப்பால் சுற்றிவிட்டுத்தான் ட்ரில்லைத் தொட்டேன்.

மரத்தில் முதலில் திருகின் நடுத்தண்டு கனத்துக்கு ஒரு வழித்துளை. ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது கட்டாயம், பாடியின் பின்பக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் மறைக்க வழியில்லை. திருகில் கொஞ்சம் மெழுகு தடவினால் சத்தமில்லாமல் இறங்கும். பாஸ்வுட் போன்ற மென்மையான மரமாக இருந்தால், ஒருமுறை திருகை ஏற்றி இறக்கிவிட்டு, துளையில் தண்ணியான சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் மரை இறுகிவிடும்.

ஜனவரி 13

ஃபோம். பிக்கப்பை அடியிலிருந்து மேலே தள்ளிப் பிடிக்க, அதன் அடியில் இருக்கும் இடைவெளியைப்போல் இரு மடங்கு கனமுள்ள, அடர்த்தியான, அழுத்தினால் உடனே திரும்பி எழும் ஃபோம் வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி லேசானது வேண்டாம், சில வருடத்தில் தளர்ந்து, பொடிந்து ஒட்டிக்கொள்ளும். ஃபோமே வேண்டாம், மரத்தோடு மரமாக இறுக்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு உயரம் மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் அட்டைத் துண்டு வெட்டி அடியில் வைக்கும் வேலை இருக்கிறது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஜனவரி 18

வாசித்துப் பார்த்தாயிற்று. அதே பிராண்டு, அதே கனம் கொண்ட புதுக் கம்பிகளை முன்பும் போட்டேன், இப்போதும் போட்டேன். உயரமும் காலிப்பரில் பார்த்து அதே அளவு.

ஊளை போய்விட்டது. அதே கெயினில், ஆம்ப்புக்கு நேராக நின்றாலும் சத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் பாடியைத் தட்டினால் அந்தத் தட்டல் முன்பைவிடத் தெளிவாக ஆம்ப்பில் கேட்கிறது. ஆனால் ஒலியின் நிறம்? பதிவு செய்ததை மாற்றி மாற்றிக் கேட்டேன், பிக் படும் அந்த முதல் கணத்தில் மட்டும் லேசான இறுக்கம், மற்றபடி அதே பிக்கப்தான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். காந்தப் புலத்தில் எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது, இதில் பிக்கப்பைப் பிடித்திருப்பது வளையமா மரமா என்பது, பிக்கப்பே எவ்வளவு ஆடுகிறது என்ற அளவுக்குத்தான் உள்ளே வருகிறது. பிறகு சோதனைக்காக அரை மி.மீ. மேலே ஏற்றினேன், உடனே வேறு கிட்டார்! மரத்துக்கு மாற்றியதும் ஒலி தடித்துவிட்டது என்று சத்தியம் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு மாற்றும்போது உயரமும் சேர்ந்து மாறியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 25

ஒரு வாரம் ஃபோம் அமர விட்டு மறுபடியும் அளந்தேன், கொஞ்சம் இறங்கியிருந்தது, திருகைச் சற்றே தளர்த்தி ஏற்றினேன். இப்போது தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6. நான்காவது கம்பி மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு ஒலித்தது, அதன் கீழே இருக்கும் திருகுத் தலையை அரைச் சுற்று இறக்கியதும் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது. நெக் பிக்கப்பில் ஊளையும் இல்லை, ஆட்டமும் இல்லை, அதை வளையத்திலேயே விட்டுவிடுகிறேன்.